மலைக்குப் பாதை போட்ட வருடம்

அந்த வருடம் முழுக்க நான் பிறர் பேச்சையே பேசிக்கொண்டிருந்தேன். பதுளையில் ஒரு சுற்றுலாத் திட்ட அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வேன், தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். மாலையில் வீட்டுக்கு வந்து கணவர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வாயில் வார்த்தை மிஞ்சியிருக்காது. தலையை மட்டும் ஆட்டுவேன். நாற்பதைத் தாண்டிய முழங்கால்கள் வேறு தனியாக வலித்தன.

திட்டம் இதுதான். எல்ல என்ற ஊர்ப் பக்கம் குவியும் வெளிநாட்டுக்காரர்களில் கொஞ்சம் பேரையாவது நமுனுகுல மலைப் பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு மலையடிவாரத் தோட்டம் ஒன்றின் ஊடாக நடந்து சுற்றிவர ஒரு பாதை, களைத்தால் உட்கார ஒரு குடில், வண்டி நிறுத்த இடம், கழிவறை, வழிகாட்டிப் பலகைகள். அந்தத் தோட்டம் நான் பிறந்த தோட்டம். அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். அலுவலகத்தில் இதைச் சொன்னதும் மேலாளர் மகிழ்ந்துபோனார். சனங்களிடம் பேசுவது சுலபமாகிவிடும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தக்காரர்களிடம் போய் அலுவலகத்தின் வார்த்தைகளைப் பேசுவதைப்போலக் கஷ்டம் வேறில்லை.

பாதையைத் திட்டமிட ஒரு வல்லுநர் வந்தார். பனி பெய்யும் நாட்டுக்காரர், தலை நரைத்தவர். அவர் வாழ்நாளெல்லாம் செய்தது பனிச்சறுக்குத் தடம் அமைக்கிற வேலை. மலை உச்சியிலிருந்து சரேலென்று இறங்குகிற சறுக்கு இல்லை அது. நீளமான மெல்லிய பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, பனி மூடிய காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் மைல் கணக்கில் வழுக்கி வழுக்கி நடப்பார்களாம். அப்படிப் போகிறவர்களுக்கு எங்கே ஏற்றம் வைப்பது, எங்கே மூச்சு வாங்க விடுவது, எங்கே குளிர்காய ஒரு வீடு கட்டுவது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போடுவது அவர் தொழில். பனியே காணாத ஊருக்கு இவர் எதற்கு என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, மண் வேறாக இருந்தாலும் கால் வலிப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று சிரித்தார்.

அவரோடு தோட்டத்துக்குள் நடந்த நாட்கள் பாதிக்கு மேல் மழை நாட்கள். பதுளையிலிருந்து பசறைக்கு ஒரு பஸ், பசறையிலிருந்து இன்னொரு பஸ், இறங்கி அப்புறம் நடை. அவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று சரிவை அளந்து, பாதை போகவேண்டிய இடத்தில் செம்மஞ்சள் நாடா ஒன்றைக் கிளையில் கட்டுவார். மறுநாள் வந்து பார்த்தால் பாதி நாடாவைக் காணோம். மாடு தின்றிருக்கும் என்றார் அவர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கியபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் பின்னலில் எல்லாம் செம்மஞ்சள் நாடா. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த முறை ஒரு முழு நாடாச் சுருள் வாங்கிவந்து லயத்தில் கொடுத்துவிட்டு, கிளைகளில் வேறு நிறம் கட்டினார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பாதை ஓரளவுக்கு முடிவானபின் தோட்டத்துச் சனங்களைக் கூட்டிச் சொல்லவேண்டும் என்று மேலாளர் கூட்டம் வைத்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் மாலை நேரத்தில் கூட்டம். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூடப் பலர் அவிழ்க்கவில்லை. மேலாளர் பேசினார், நான் தமிழில் சொன்னேன். வல்லுநர் கைபேசியில் தன் ஊர்ப் பனிக்காட்டைக் காட்டினார், அதையும் நான் விளக்கினேன். வழுக்கி விழுந்தால் என்ன செய்வார்கள் என்று ஒரு வயதான பெண் கேட்டாள். எழுந்து திரும்பவும் போவார்களாம் என்றேன். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

பாதை போகும் வழியை நான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடையோரம் மானாப்புல்லும் புதரும் மண்டிய சரிவு வழியே போகும், நிழல் இருப்பதால் நடப்பவர்களுக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னபோது பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது. அந்தப் பேச்சு எப்படியாவது வராமல் போய்விட வேண்டும் என்று இருந்தது. அக்காதான் எழுந்தாள்.

"நாங்க காலையில பெரட்டுக் களத்துல வரிசையா நின்னு பேர் குடுத்துட்டு மலைக்கு ஏறுனா, மத்தியானம் கொழுந்து நிறுக்குற வரைக்கும் இறங்க முடியாதுங்க. அதுவரைக்கும் ஒதுங்கணும்னா அந்த ஓடையோரப் பத்தை மறைவுதான். நீங்க பாதை போட்டா அங்கயும் ஆள் வந்துரும். அப்புறம் நாங்க எங்க போறது?"

கூட்டத்தில் கங்காணி இருந்தார், மேலாளர் இருந்தார், தோட்டத்து இளைஞர்கள் சுவரோரம் நின்றார்கள். அக்கா உட்காரவில்லை. அடக்கி வைத்து அடக்கி வைத்தே அதற்கு முந்தைய வருடம் அவள் பதுளை ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள். நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்து நின்றாள்.

சுற்றி வளைத்து நாகரிகமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் சொல்வதற்குக்கூட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு மேலாளருக்காகச் சிங்களத்திலும் சொன்னேன்.

தன் ஊரில் தடம் போடுவதற்கு முன்னால் கழிவறை எங்கே என்பதைத்தான் முடிவு செய்வார்கள் என்றும், இங்கே அந்த மலையில் நாளெல்லாம் இருப்பவர்கள் யார் என்று தான் கேட்காமல் விட்டுவிட்டதாகவும் வல்லுநர் சொன்னார். இரண்டு நாள் திரும்பவும் ஏறி இறங்கி, பாதையை ஓடைச் சரிவிலிருந்து விலக்கினார். குடிலையும் கழிவறையையும் கொழுந்து பறிக்கிற மலை முடிகிற வளைவுக்கு மாற்றி வரைந்தார். அங்கே பறிக்கிற பெண்களும் வரலாம், நடக்கிறவர்களும் வரலாம்.

மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. காட்சி தெரிகிற மேட்டில் கட்டினால்தான் வருகிறவர்களுக்கு அழகு என்றார். வல்லுநர் விடவில்லை. இருவரும் பேசிய பேச்சை நான்தான் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சுமந்தேன். ஒருவர் கோபத்தைக் குறைத்தும் மற்றவர் பிடிவாதத்தை மென்மையாக்கியும் சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துவிட்டது. கடைசியில் வளைவிலேயே கட்டுவது என்றாயிற்று. வல்லுநர் ஊருக்குப் போய்விட்டார்.

கட்டி முடிக்க மாதங்கள் ஆயின. சிமெந்து வர ஒரு தாமதம், மழையில் ஒரு தாமதம். தகரக் கூரை போட்ட குடில், அதை ஒட்டி இரண்டு கழிவறை, தண்ணீருக்கு ஒரு கறுப்புத் தாங்கி. பாதை திறந்த அன்று பூசணிக்காய் உடைத்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் கழிவறைக் கதவுகளில் பூட்டு தொங்கியது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகை. அந்தப் பலகையில் இருந்த தமிழை எழுதச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள், எங்கே மாட்டப்போகிறார்கள் என்று சொல்லாமல்.

நான் மேலாளரிடம் கேட்டேன். கட்டடம் நம்முடையது, ஆனால் நிலம் தோட்டத்துடையது, துரையைக் கேளுங்கள் என்றார். தோட்டத் துரையைக் கேட்டேன். நிலம்தான் எங்களுடையது, பூட்டு உங்களுடையது என்றார். இப்படி நாலைந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் தேநீர் கொடுத்தார்கள். பிறகு போவதை நிறுத்திவிட்டேன். மனம் வெறுத்துப்போனது என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். களைத்துவிட்டேன், அவ்வளவுதான். அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "சரி, நீ வுடு. நாங்க பாத்துக்கிறோம்," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

வழிகாட்டிப் பலகைகளைச் சரிபார்க்க ஒரு நாள் தோட்டத்துக்குப் போனேன். மேல் வளைவு வரை ஏறிவிட்டு இறங்கும்போது குடிலில் ஒரே கூட்டம். கொழுந்து மலைப் பெண்கள் எல்லாரும் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சத்தமோ கோஷமோ இல்லை. சிலர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நடக்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது, பெண்கள் நகர்ந்து அவர்களுக்கும் இடம் விட்டார்கள். கங்காணி முகம் வியர்த்துப்போய்க் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

என் கைபேசியும் அடித்தது. மேலாளர். உங்கள் ஆட்கள்தானே, பேசி எழுப்பிவிடுங்கள் என்றார். சரி என்றேன். பெண்களிடம் போனேன். பேச வாயெடுத்தேன், முழங்கால் சுரீர் என்றது. அக்கா தன் பக்கத்தில் இருந்த கூடையைத் தள்ளி வைத்தாள். நான் உட்கார்ந்தேன். வலிக்காகத்தான் உட்கார்ந்தேன் என்பது உண்மை. அலுவலகத்து ஆளே எங்களோடு உட்கார்ந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உட்கார்ந்தபின் எழுந்திருக்கவும் மனம் வரவில்லை.

துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், தோட்டத் தமிழ் பேசுவார். பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூட்டைத் தொறந்தா கழுவுறது யாரு?" என்று கேட்டார்.

"நாங்க முறை வச்சுக் கழுவுறோம் ஐயா," என்றாள் அக்கா. "தண்ணி மட்டும் நீங்க வுடணும். தாங்கி காஞ்சு கெடந்தா எங்கள சொல்லக்கூடாது."

துரை திரும்பி மலையைப் பார்த்தார். பறிக்காமல் நின்ற கொழுந்து அவர் கண்ணில் பட்டிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பெண்ணும் தனக்கும் சாவி வேண்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள், நான் அதைத் துரைக்குச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். துரை கங்காணியைக் கீழே சீட்டு கொடுக்கும் இடத்துக்கு அனுப்பினார். சாவி வந்தது. பூட்டைக் கழற்றிய கங்காணி அதைத் திரும்ப மாட்டவில்லை. பெண்கள் வரிசையாகப் போய்விட்டு, கூடைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குள் போனார்கள்.

மேலாளர் என்னைத் திட்டவில்லை. அடுத்த திட்டம் லுணுகலை பக்கம் என்று பேச்சு வந்தபோது அதற்கு வேறொரு பெண்ணை அழைத்துப்போனார். எனக்குப் பலகைகளின் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை. சம்பளம் குறையவில்லை, பஸ் பயணம் குறைந்தது. வருத்தமா என்று கணவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகு பெருமழை வந்தது. பாதையின் மேல் சுற்று மண்ணோடு சரிந்து தேயிலைக்குள் கிடந்தது. லயங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தமட்டில் நிம்மதி. மேல்பாதையை மூடிவிட்டார்கள். வருகிறவர்கள் குடில் வரை வந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். வல்லுநர் மின்னஞ்சலில் விசாரித்தார். எந்த இடம் சரிந்தது என்று எழுதினேன். அங்கே தான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். தன் ஊரில் பனி சரியாகப் பெய்யவில்லை, தடங்கள் வெறும் புல்லாகக் கிடக்கின்றன என்றும் எழுதினார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க அவள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குப் போனேன். அலுவலக வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். மூன்று நாள் வரும், இரண்டு நாள் வராது, அப்போது ஓடையிலிருந்து வாளியில் தூக்குகிறோம் என்றாள். முறை வைத்துக் கழுவுவதில் இரண்டு பேருக்குள் சண்டையாம், ஒருத்தி தன் முறைக்கு வருவதில்லையாம். அதை நெடுநேரம் விவரமாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே எனக்குக் கண் சொருகியது.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அக்கா எழுந்து காம்பராவில் ஜன்னலோரம் பாயை விரித்தாள். வெளியே பக்கத்துக் காம்பராவில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் எடுத்து வைப்பது கேட்டது. நான் படுத்ததும் தூங்கிவிட்டேன்.