வெல்டிங்குக்கு ஒரு விரல் தள்ளி

திங்கட்கிழமை காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, மாடிப்படியில் கிடந்த ஊன்றுகோலின் ஒரு பாதி. மறுபாதி கீழே, என் மகளின் பக்கத்தில் கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் முதல் மாடி. மகளுக்குப் பதினொரு வயது. போலியோவில் இடது கால் சூம்பியதால் அலுமினிய ஊன்றுகோலோடுதான் நடப்பாள். நான் ஒரு செய்தி நிறுவனத்தில் இருந்தேன். எதையும் நேரத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் அங்கே வந்தது. அலுமினியக் கலவைகளை வெல்டிங் செய்து, இணைப்பு எவ்வளவு இழுவை தாங்கும் என்று சோதிக்கும் ஆய்வகத்தில் கணவருக்கு வேலை.

அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, ஊன்றுகோலின் கைப்பிடியில் விரிசல் கண்டது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அவரே வெல்டிங் செய்து கொண்டுவந்தார்.

"இன்னும் வேலை முடியல. வெல்டிங் உடையாது. சூடு பட்டுப் பக்கத்து இடம் வலுவிழந்திருக்கும். உலையில வெச்சு, தண்ணியில முக்கி, மறுபடி இளஞ்சூட்டுல ரொம்ப நேரம் வெச்சாத்தான் பழைய பலம் வரும். செவ்வாய்க்கிழமை தரேன்."

"அது என்ன கேக்காப்பா, ஓவன்ல வைக்க? திங்கக்கிழமை எனக்குப் பரீட்சை!"

"நான் தூக்கிட்டுப் போறேன்டா."

"ஆறாங்கிளாஸ் பொண்ணை யாராச்சும் தூக்குவாங்களா? எல்லாரும் சிரிப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். வெல்டிங் கோடு பார்க்க நேர்த்தியாக இருந்தது.

"ஒரு நாள்தானேங்க. போகட்டும்" என்றேன்.

அடுத்தவர் செய்த இணைப்புகளை 'தகுதியில்லை' என்று எழுதி தினமும் ஒதுக்குகிறவர், தான் செய்ததை ஒருமுறை தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை படியில் கிடந்த ஊன்றுகோல், வெல்டிங்குக்கு ஒரு விரல் தள்ளி முறிந்திருந்தது. வெல்டிங்கில் கீறல்கூட இல்லை. மகளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு, இனி சக்கர நாற்காலிதான் என்றார் மருத்துவர்.

"நான்தானேங்க போகட்டும்னு சொன்னேன்" என்றேன், மருத்துவமனை வராந்தாவில்.

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அவள் வீடு திரும்பிய வாரம் புதிதாக ஓர் ஊன்றுகோல் செய்துகொண்டுவந்தார். வெல்டிங், உலை, தண்ணீர், மறுபடி உலை, எதையும் விடவில்லை. தன் முழு எடையையும் அதன்மேல் போட்டுப் பார்த்தார். பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் சாய்த்துவைத்தார்.

அதன் அடியிலுள்ள ரப்பர் இன்னும் தேயவில்லை.