வாழைப் பாத்திப் பக்கத்துக் கால்

தம்பிக்கு அறுபத்தெட்டு வயது, எனக்கு எழுபத்தைந்து. மனைவி இறந்த பிறகு லண்டனில் தனியே இருக்க முடியாமல் உரும்பிராய்க்கு வந்து எங்களோடு இருக்கிறான். வரும்போது பெட்டியில் இரண்டு அலுமினியக் கால்கள் கொண்டுவந்தான். ஏணியின் இரு பக்கமும் பூட்டுவது. ஒவ்வொன்றிலும் பத்துத் துளை. நிலம் எவ்வளவு பள்ளமோ அவ்வளவுக்குக் காலை இறக்கி, துளையில் ஊசியைச் செருகினால் ஏணி மட்டமாக நிற்கும். மட்டம் பார்க்க, கண்ணாடிக்குள் ஒரு குமிழி.

"இனிக் கல்லு வைக்கிற வேலை இல்லை, அண்ணை," என்றான்.

இங்கே பள்ளமான பக்கத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். கல்லை யாரும் நம்புவதில்லை. அதனால் கீழே ஏணியைப் பிடிக்கிறவர் கண்ணை அங்கே இங்கே எடுக்கமாட்டார்.

ஐப்பசி மழைக்கு முன் கூரையில் ஒன்பது ஓடு மாற்ற வேண்டியிருந்தது. கூலிக்கு ஆள் அடுத்த கிழமைதான் வரும் என்றார்கள். தம்பி பொறுக்கவில்லை. சுவரோரம் ஏணியைச் சாத்தினோம். ஒரு கால் இறுகிய முற்றத்தில், மற்றது ஆறு அங்குலம் பள்ளத்தில், வாழைப் பாத்தியின் ஓரம். மூன்று துளை இறக்கினோம். குமிழி நடுவில் நின்றது. அவன் பதின்மூன்று படியும் ஏறிக் கூரைக்குப் போனான்.

ஐந்தாவது ஓடு மாற்றி முடிந்தபோது தற்செயலாகப் பார்த்தேன். குமிழி நடுவை விட்டு ஓரக் கோட்டைத் தொட்டிருந்தது. குனிந்தேன். வாழைகளுக்கு நடுவே சவர்க்கார நுரை ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றடித் தண்ணீரை மூன்று பாத்திகளுக்கு முறை வைத்துத் திருப்புவது நான். ஒரு நாளும் முறை தவறியதில்லை. அன்று இந்தப் பாத்தியின் முறை என்று விடியவே வரம்பை வெட்டிவிட்டிருந்தேன். செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி.

"இஞ்சேர், தண்ணியை நிப்பாட்டு!"

"ஏன்? இண்டைக்கு இந்த வாழையின்ரை முறையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றாள் என் மனைவி, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தபடி.

"தம்பி, கால் தாழுது. ஏணியிலை காலை வைக்காதை!"

"உது தாழாது, அண்ணை. அதுக்குத்தானே பூட்டினது. துளை எண்ணினது பிழைச்சுப்போச்சோ?" சிரித்துக்கொண்டே அடுத்த ஓட்டை எடுக்க வலது காலை மேல்படியில் வைத்தான்.

ஏணி சுவரை உரசியபடி சாய்ந்தது. எட்டிப் பிடித்தேன். என் கையில் நிற்கவில்லை. வாழைகளை முறித்துக்கொண்டு விழுந்தது. ஓடு எடுத்த இடைவெளிக்குள் கையை விட்டு, ஓட்டைத் தாங்கும் சிலாகையைப் பிடித்துக்கொண்டு தம்பி கவிழ்ந்து கிடந்தான். கால்கள் இரண்டும் வெளியே தொங்கின. அவன் மூச்சு விட ஓர் ஓடு உடைந்தது. பிறகு இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் மர ஏணியோடு ஓடி வருவதற்குள் ஆறு உடைந்தன.

இறங்கியவன் உடனேயே ஓடுகளைக் கணக்குப் பார்த்தான். அதுதான் எனக்குப் பயம்.

"முந்தினதிலை மிச்சம் நாலு, இப்ப உடைஞ்சது ஆறு. பத்து ஓடு," என்றான். "நாளைக்கு மற்றப் பக்கத்தாலை ஏறுவம். அங்கை தண்ணி வராது."

தண்ணீர் வராதுதான். ஆனால் அங்கே சண்டைக் காலத்தில் செல்லடிக்கு ஒளிய நாங்கள் வெட்டிய பங்கர் குழி இருக்கிறது. அவன் அப்போது நாட்டில் இல்லை. மேலே பதினொரு பனங்குற்றி அடுக்கியிருந்தோம். பிறகு மூடும்போது குற்றிகளை எடுக்கவில்லை, அப்படியே மண்ணைப் போட்டுவிட்டோம். கீழே எவ்வளவு வெற்றிடம் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னேன்.

"அது எப்பவோ இறுகியிருக்கும், அண்ணை. எத்தினை மழை பெய்திருக்கும்," என்றான்.

பின்னேரம் அந்த இடத்தில் நின்று, குதிக்காலால் நிலத்தை மூன்று தரம் உதைத்துப் பார்த்தான். வெறும் பானையைத் தட்டியதுபோல் சத்தம் எனக்கு வீட்டுக்குள்ளே கேட்டது. விடிந்ததும் ஏறப்போகிறானாம்.