அம்மா அழிக்கவிடாத கேசட்

வாசலில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஆளைப் பார்க்கும் முன்பே எனக்கு மறுபடி பன்னிரண்டு வயதாகிவிட்டது.

அப்போது நாங்கள் இருந்தது இலங்கையில், கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம். அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். எங்களுக்குக் கடிதம் கேசட்தான். ரப்பர்ப் பால் மணக்கும் கையோடு அப்பா டேப்பின் சிவப்புப் பட்டனை அழுத்திப் பேசுவார். மறுபக்கத்தில் அம்மா பதில் பேசி அனுப்பியதும், அதன்மேலேயே அடுத்த கடிதத்தைப் பதிவோம்.

ஒருநாள் அப்பா பேசிக்கொண்டிருக்கையில் வேலைக்கு ஆள் போடும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் லயத்து வீட்டு வாசலில் செருமினார்.

"பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குடா? பால் வெட்ட அனுப்பு. இல்லாட்டி நாளையிலேருந்து ஒனக்கும் வேலையில்ல."

"சரிங்கய்யா," என்றார் அப்பா. டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுபக்கத்தில் அம்மாவின் பதில் வந்தது: "புள்ளைய இரத்தினபுரியில என் தங்கச்சி வீட்டுல விட்டுப் படிக்க வைங்க. இந்தக் கேசட்டு மேல இனி யாரும் பேசாதீங்க. அந்தாளு கொரல் இருக்கட்டும்." வேறெதுவும் பதிய முடியாதபடி கேசட் விளிம்பின் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்திருந்தாள்.

"சீடியில ஏத்தித் தாறேன்," என்று என் கணவர் இத்தனை வருடங்களில் சொல்லிச் சலித்துவிட்டார். எனக்கு டேப்பின் ப்ளே பட்டன் 'டக்'கென்று இறங்க வேண்டும். கேசட்டை எப்போதும் அந்தச் செருமலுக்குச் சற்று முன்னால்தான் நிறுத்தி வைப்பேன்.

அதே கணக்கப்பிள்ளை இப்போது என் வாசலில் குடையை ஊன்றி நிற்கிறார். "டீச்சர், பேத்தி ஓ.எல். பரீட்சை எழுதணும். கணக்குப் பாடம் சொல்லிக் குடுங்க."

"உக்காருங்கய்யா," என்று சொல்லி ப்ளே பட்டனை அழுத்தினேன். அவர் குரல் முடிந்ததும் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"நாளைக்குப் பேத்திய அனுப்புங்க," என்றேன். "மொதல்ல இத அவளுக்குப் போட்டுக் காட்டுறேன்."