அமாவாசை வரை ஓடாத படம்

எங்கள் தெருவில் யாரும் முதல் நாளே படத்துக்குப் போவதில்லை. அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்றுதான் குடும்பத்தோடு கிளம்புவார்கள். இந்தப் படத்தின் முதல் பாகத்தையும் அப்படித்தான் பார்த்தோம். அதில் ஒருத்தி புருஷனோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவாள். அவன் அங்கேயே நிற்பான். படம் முடிந்துவிடும்.

அவள் திரும்பி வருவாளா என்று அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் தறியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அப்பா சேலையின் உடலை நெய்ய, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவை எறிவாள்.

"வருவாடி."

"உன்ன மாதிரி ஆள்கிட்ட எவ வருவா?"

"நான் இன்னாடி செஞ்சேன்? செஞ்சது அவன்!"

இரண்டாம் பாகம் வருவதற்குள் அம்மா இறந்துவிட்டாள். இப்போது அப்பா தனியாளாக நெய்யக்கூடிய சேலைகளை மட்டும் எடுக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வேலை. கூட வேலை பார்ப்பவர்களோடு முதல் நாளே இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். வெளிநாடு, ஹெலிகாப்டர், நடுக்கடலில் எரியும் கப்பல். அந்தப் பெண் மட்டும் இல்லை. தொடக்கத்தில் சுவரில் மாலை போட்ட போட்டோவாக ஒரு கணம் வந்தாள், அவ்வளவுதான்.

"நல்லா இல்லப்பா" என்றேன்.

"கதைய சொல்லாத. அமாவாசைக்கு நான் பாத்துக்கிறேன்."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "படிச்ச பொண்ணு மூஞ்ச தொங்கப் போட்டுகினு வந்துகீது பாரு! எங்களுக்குப் புடிக்கும், போ."

படம் ஓடவில்லை. ஏன் நஷ்டம் என்று போனில் ஆளாளுக்கு அலசினார்கள். கிராபிக்ஸ் மோசம், டிக்கெட் விலை அதிகம், விமர்சனம் கெடுத்துவிட்டது. எனக்கு அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டைதான் நினைவுக்கு வந்தது. முதல் பாகத்தை ஓட வைத்தவை அந்த மாதிரி சண்டைகள். இவ்வளவு கோடி கொட்டியவர்கள் அதைக் காதில் வாங்கவேயில்லை.

தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று போனில் காட்டியும் அப்பா நம்பவில்லை. "போன வாட்டி மூணு அமாவாசை ஓடுச்சே" என்றார். அமாவாசையன்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார். நானும் போனேன்.

தியேட்டர் வாசலில் இருந்தவர் சொன்னார்: "பெரியவரே, அது போயி ஒரு வாரமாச்சு. வேற படம் ஓடுது, பாக்குறியா? படம் எப்படியோ, ஏசி ஜில்லுனு கீது."

அப்பா சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ பாத்தியேம்மா. அவ வந்தாளா?"

வந்தாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலப்பா. செத்துட்டதா காட்டிட்டாங்க."

"எப்படி?"

"அத சொல்லல. போட்டோவுக்கு மாலை போட்டிருந்தாங்க."

அப்பா வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே போய் நின்றார்.

"அவன் அழுதானா?"

"இல்லப்பா. உடனே ஒரு பாட்டு வந்துடுச்சு."

"அழவே இல்லியா? அப்புறம் படம் எப்படிம்மா ஓடும்?" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நான் கொஞ்சம் பின்னாலேயே போனேன்.