கடைசிச் சுற்றில் ஒரு பெயர்

தொலைபேசியில் ஒருவர் தொண்டையைச் செருமுகிற சத்தம். என் நினைவில் கொமிஷனர் அண்ணை எப்போதும் அந்தச் சத்தத்தோடுதான் வருகிறார். நாங்கள் ஆறு அணித் தலைவர்களும் ஒவ்வொருவராக இணைப்பில் வந்து சேர்ந்த பிறகு அவர் இரண்டு தரம் செருமுவார். பிறகு, "எல்லாரும் லைனில நிக்கிறியளோ?" என்று கேட்பார். ஆறு இடங்களிலிருந்து "ஓம் அண்ணை" வரும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரத்தில் எனது ஒற்றை அறை வீட்டில், சமையல் மேசையில் வீரர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு நானும் ஓம் சொல்வேன். அரை மணி நேரக் கார் ஓட்டத்துக்குள் வசிக்கிற ஏழு பேர், யாராவது ஒருவர் வீட்டில் கூடித் தேத்தண்ணி குடித்துக்கொண்டே முடிக்கக்கூடிய அலுவல் அது. ஏன் இப்படித் தனித்தனி அறைகளுக்குள் இருந்து செய்ய வேண்டும் என்று கேட்டால், "அந்தக் காலத்தில அவங்கள் அப்பிடித்தான் செய்தவங்கள்" என்பார். அதற்கு மேல் அவரிடம் கதை எடுபடாது.

அவர் உண்மையில் எதற்கும் கொமிஷனர் அல்ல. மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ரொறன்ரோவில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்து கோடையில் ஒரு கூடைப்பந்து லீக் நடத்திவந்தோம். முதல் வருடம் உயரமான பெடியன்களை யார் எடுப்பது என்பதில் அணித் தலைவர்களுக்குள் வாய்ச்சண்டை முற்றி, ஒரு கார் தரிப்பிடத்தில் கைகலப்பு வரைக்கும் போனது. அதைத் தீர்க்கத்தான் அண்ணை உள்ளே வந்தார். பந்தை அவர் கையில் கொடுத்தால் பப்பாளிப்பழத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் பக்குவமாக வாங்குவார், அதோடு சரி. ஆனால் அமெரிக்காவின் தொழில்முறை அணிகள் அந்தக் காலத்தில் கல்லூரி வீரர்களை எப்படித் தெரிவு செய்தன என்பதை நூலகத்துப் பழைய பத்திரிகைகளில் வருடக்கணக்காக வாசித்து வைத்திருந்தார். அந்த முறையை அப்படியே எங்கள் தலையில் கட்டினார்.

போன வருடம் கடைசியாக வந்த அணிதான் முதலில் ஓர் ஆளைக் கேட்கலாம். வென்ற அணி கடைசியில். அமெரிக்காவில் இப்போதைய தெரிவு இரண்டு சுற்றில் முடிகிறது. அந்தக் காலத்தில் அணிகள் களைத்துப் போகும்வரை சுற்றுகள் நீளுமாம். ஆள் வேண்டாம் என்றால் "பாஸ்" சொல்ல வேண்டும். ஒருமுறை பாஸ் சொன்ன அணி அன்றைக்கு வெளியேதான். திரும்ப வாய் திறக்கக் கூடாது. அவருக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. தன் நகரத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் விளையாடும் பெடியனை ஓர் அணி தெரிவு தொடங்கும் முன்பே தனக்கென்று கேட்டுக்கொள்ளலாம், அதற்கு விலையாக முதல் சுற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அதை எப்போதோ கைவிட்டார்கள். அண்ணை அதற்கு ஊருரிமை என்று பெயர் வைத்து எங்களுக்குள் கொண்டுவந்தார். உன் ஊர்ப் பெடியன் உனக்குத்தான், ஆனால் முதல் சுற்றை இழக்க வேண்டும். ஊர்ப்பற்றை அளக்க இதைவிட நல்ல தராசு கிடையாது என்று நாங்கள் சிரிப்போம். யாரும் பெரிதாக அதைக் கேட்டதில்லை.

வெற்றிக் கதைகளில் அவருக்கு ஆர்வமே இருக்கவில்லை. முதலாவதாக எடுக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டால் "அவங்களுக்கென்ன" என்று விட்டுவிடுவார். எட்டாம் சுற்று, பத்தாம் சுற்றுக்காரர்களைத்தான் சொல்லிச் சொல்லி மாய்வார். பெற்றோல் நிலையத்தில் கோடைக்கால வேலை செய்துகொண்டிருந்த ஒருவன், தன் கண்ணால் பார்த்தேயிராத நகரத்தில் யாரோ தன் பெயரைச் சொன்னதை மூன்று நாள் கழித்துப் பத்திரிகையில் பார்த்தான் என்பார். படையில் இருந்தவர்களையும், தேசம் விட்டு வரவே முடியாதவர்களையும்கூடச் சில அணிகள் கேட்டு வைத்தனவாம். ஒருநாள் வந்தால் எங்களிடம் வரட்டும் என்று. "உது விளையாட்டுக் கதை இல்லைத் தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "எங்கையோ கிடக்கிற ஒருத்தனை இன்னொருத்தன் வேணுமெண்டு கேக்கிறான். அவன் வாறானோ இல்லையோ, கேட்டது கேட்டதுதான்."

அதை அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது, ஒரு பனிநாளில் அவரை ஸ்காபரோவில் அவரது நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோய் விட்டபோது விளங்கியது. கட்டில், அரிசிக் குக்கர், நூலகத்தில் பிரதி எடுத்த தாள்கள், இரண்டு தொலைபேசிகள். ஒன்று லீக்குக்கு. மற்றதில் அவர் யாரையும் அழைப்பதில்லை, அது எந்நேரமும் சும்மா இருக்க வேண்டும். மனைவியும் மகனும் வன்னியில் இருந்தார்கள், அதுவும் என் ஊரில். மனைவியின் ஊர் என்னுடைய ஊர்தான். மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது இவர் கனடாவுக்கு வெளிக்கிட்டவர். ஸ்பொன்சர் பேப்பர்கள் சரிவந்த நேரம் சண்டையில் வன்னிப் பாதை பூட்டிவிட்டது. மகன் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடுகிறான் என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெட்கத்தை நான் வேறெவரிடமும் பார்த்ததில்லை. ஊர்க்காரன் என்ற முறையில் அடிக்கடி வந்து போகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

போர் முடிந்த அந்த வருடம் மாசிக்குப் பிறகு அந்த இரண்டாவது தொலைபேசி அடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வீதிகளில் நின்றோம், பதாகை பிடித்தோம், தொண்டை கட்டக் கத்தினோம். அண்ணையும் வேலை முடிந்து நேரே வந்து நிற்பார், ஒரு கரையாக, யாரோடும் பேசாமல். மே மாத நீண்ட வார இறுதி விடுமுறையில்தான் வழக்கமாகத் தெரிவு நடக்கும். இந்த முறை யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் வியாழக்கிழமை அவரிடமிருந்து பட்டியல் வந்தது, ஞாயிறு பின்னேரம் மூன்று மணி என்று. ஓர் அணித் தலைவர் கோபத்தில் அவருக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டாராம், சனம் சாகிற நேரத்தில் பந்து விளையாட்டோ என்று. "இந்த முறை மட்டும் ஒருக்காச் செய்வம்" என்று அண்ணை கெஞ்சினாராம். அவர் கெஞ்சக்கூடியவர் என்பது எங்களுக்குப் புதிது.

பட்டியலின் கடைசிப் பெயரைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவருடைய மகன். மற்றவர்களுக்கு எல்லாம் தொலைபேசி இலக்கம் போட்டிருந்த இடத்தில் அவனுக்கு மட்டும் "பிறகு" என்று இருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு இணைப்பில் எல்லோரும் இருந்தோம். எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிகள் சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. "ஊருரிமை கேக்கிற ஆக்கள் ஆராவது இருக்கினமோ?" என்றார் அண்ணை. வழக்கமாக ஒருதரம் கேட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் போவார். அன்றைக்குக் காத்திருந்தார். பிறகு இன்னொருதரம் கேட்டார். அந்தப் பட்டியலில் என் ஊர்ப் பெடியன் என்று அண்ணையின் மகன் ஒருவன்தான் இருந்தான், அந்த இரண்டாவது கேள்வி எனக்கு மட்டுமே உரியது. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் மிசிசாகாவில் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு நெடுவல் பொறியியலாளரில் நான் கண் வைத்திருந்தேன். அவரை முதல் சுற்றில் எடுத்தால் அந்த வருடம் கிண்ணம் எங்களுக்குத்தான். அண்ணையின் மகனைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், வேறு யாரும் எடுக்கப்போவதில்லை, எனக்கு நட்டமும் இல்லை, அவருக்கும் சந்தோசம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரன் நான்! வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பொறியியலாளர் கிடைத்தார். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று போனது. மற்ற வருடங்களில் நான்காம் சுற்றில் ஆறு பேரும் ஒன்றாகப் பாஸ் சொல்லிக் கடையைக் கட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்திலும், தொலைக்காட்சியில் ஓடிய எழுத்துகளில் கண் போனதாலும், நான்காம் சுற்றில் என் முறை வந்தபோது "பாஸ்" என்றேன். ஆனால் வேறு இரண்டு அணிகள் அந்தச் சுற்றில் ஆள் எடுத்திருந்தன. ஆகவே ஐந்தாம் சுற்றும் வந்தது. பட்டியலில் ஒரேயொரு பெயர் மிச்சம் இருந்தது. அண்ணை அந்த இரண்டு அணிகளையும் கூப்பிட்டார். ஒருவர் மெதுவாகப் பாஸ் என்றார். மற்றவர் கொஞ்சம் நேரம் எடுத்து, அவரும் பாஸ் என்றார். இல்லாத ஒருவனின் பெயரைத் தொட எல்லோருக்கும் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"அண்ணை, நான் எடுக்கிறன்," என்றேன்.

"நீர் போன ரவுண்டில பாஸ் சொல்லிப் போட்டீர், தம்பி."

"தெரியாமச் சொல்லிப் போட்டன் அண்ணை. எங்கட ஊர்ப் பெடியன்."

"ஊருரிமை முதலே கேட்டனான்," என்றார். குரலில் கோபம் இல்லை.

வேறொரு அணித் தலைவர் இடையில் வந்து, "விடுங்கோ அண்ணை, அவர் எடுக்கட்டும். ஆர் என்ன சொல்லப் போயினம்?" என்றார்.

"ஒரு விதி எண்டால் என்ர பிள்ளைக்கும்தான். பாவம் பாத்துக் கேக்கிறதெல்லாம் கேக்கிறதாகாது." தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. "அப்ப இண்டைக்கு முடிஞ்சுது. எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லி வைத்துவிட்டார். நாங்கள் ஆறு பேரும் இணைப்பில் அப்படியே இருந்தோம், ஆளுக்கொரு அறையில்.

மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முகாமிலிருந்து அண்ணையின் மனைவி தொலைபேசி எடுத்தார். அவர் தனியாகத்தான் வந்திருந்தார். கடைசி வாரத்தில் சனத்துக்குள் மகனைத் தவறவிட்டவர், அதற்குப் பிறகு கண்டவர்கள் யாரும் இல்லை. செய்தி கேட்டு அண்ணையின் அறைக்குப் போனேன். காலநிலை பற்றிப் பேசினார். நானும் காலநிலை பற்றியே பேசிவிட்டு வந்தேன்.

இப்போது நான் யூனியன்வில்லில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் லீக்கில் கைபேசியில் தட்டினால் மூன்று நிமிடத்தில் அணிகள் பிரிந்துவிடுகின்றன. யாரும் யாருடைய பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி சொல்லுவாள், அது வெறும் விளையாட்டுத்தானே, நீங்கள் எடுத்திருந்தால் மட்டும் அந்தப் பெடியன் வந்திருப்பானா என்று. வந்திருக்கமாட்டான். எனக்கும் தெரியும். ஆனாலும் உலகத்தில் அவனை வேண்டுமென்று கேட்க உரிமை இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கேட்க முடியாத இடத்தில் இருந்தார், மற்றவன் அன்றைக்குக் கேட்கவில்லை. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறுதல் கிடைப்பதில்லை.

போர் முடிந்ததற்கு அடுத்த வருடப் பட்டியல் வந்ததும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தேன். அவன் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணை ஊருரிமை பற்றி ஒரேயொரு தரம் கேட்டார். நான் அவனுடைய பெயரைத் தகப்பன் பெயரும் சேர்த்து முழுதாகச் சொன்னேன். லிஸ்டில் இல்லாத ஆளைக் கேட்க முடியாது என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். விதி அப்படித்தான்.

"உம்மட முதல் ரவுண்ட் போகும்," என்றார்.

"போகட்டும் அண்ணை."

"பிறகு கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டன்."

தாளில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. இடையில் நின்றது. "உயரம் எவ்வளவெண்டு போடுறது?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னைத்தானே கேட்டாரா தெரியவில்லை. நான் அவனைக் கண்டதில்லை. அவர் கடைசியாகக் கண்டபோது அவன் அவருடைய இடுப்பளவுக்குத்தான் நின்றிருப்பான்.

"சரி, வந்த பிறகு அளப்பம்," என்றார் அண்ணை. பிறகு கடைசியாக வந்த அணியைக் கூப்பிட்டார்.