இடது சிவப்பு, வலது பச்சை

விமானத்தின் படியைக்கூட மிதிக்காதவன் நான். விமானிகளுக்கு ஆப் எழுதினேன். சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அதற்கு முன்னால் ஜவுளிக்கடைக்கும் எழுதினேன், கல்லூரி பஸ்ஸுக்கும் எழுதினேன். அதற்காக நான் துணி நெய்தேனா, பஸ் ஓட்டினேனா? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை, ஒரு லேப்டாப். ஜன்னலைத் திறந்தால் "கடலூர், கடலூர்" என்று கண்டக்டர்களின் கூச்சல். அங்கே உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்தேன்.

சென்னைக் கம்பெனி ஒன்றின் வழியாக வந்த வேலை அது. விமானம் ஓட்டக் கற்பவர்கள் தரையில் இருக்கும்போதே போனில் பழகிக்கொள்ள வேண்டும். உயரமும் வேகமும் திசையும் காட்டும் முட்களை ஒரே பார்வையில் படிப்பது, பக்கக் காற்று அடித்தால் எவ்வளவு திருப்புவது என்று பார்ப்பது, இப்படிச் சின்னச் சின்னப் பயிற்சிகள். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. தெரிந்தவன் என் மச்சான்தான், என் மனைவியின் தம்பி. கடலூரில் பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். பைலட் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. வருஷக்கணக்கில் சண்டை போட்டு, அப்போதுதான் அவன் அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவான். நான் அந்த வாரம் எழுதியதைப் போனில் போட்டுக் கொடுப்பேன். நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு விளையாடுவான். முடித்ததும் தீர்ப்பு சொல்வான். "ஆப்ல தப்பு இருக்கு மாமா." இல்லையென்றால், "ஆப்ல தப்பு இல்ல மாமா." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டு வராது. பிறகு நேராகச் சமையலறைக்குப் போய் அக்காவிடம் மீன் குழம்பு ரெடியா என்று கேட்பான். அவன் தப்பு என்று சொன்னால் தப்பு இருக்கும். நானும் எத்தனையோ பேரை வைத்துச் சோதித்திருக்கிறேன், இவனைப் போல ஒருத்தனைப் பார்த்ததில்லை.

ஆடி மாதத்தில் விளக்குப் பயிற்சியை எழுதினேன். இருட்டில் இன்னொரு விமானம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் விளக்கை வைத்துச் சொல்ல வேண்டும். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது நம் இடப்பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். கறுப்புத் திரையில் ஒரு சின்னப் புள்ளி வரும், பார்த்ததும் பக்கத்தை அழுத்த வேண்டும், மொத்தம் இருபது தடவை. எனக்கே சுலபமாக வந்தது.

அவனுக்கு வரவில்லை. முட்களை அரை நொடியில் படிக்கிறவன், இதில் பாதிக்குப் பாதி தப்பு செய்தான்.

"ஆப்ல தப்பு இருக்கு மாமா. எல்லாம் ஒரே மாதிரி வருது."

"ஒழுங்கா பார்றா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். இது ஒன்னுதான் எனக்கு ஒதைக்குது. இது மட்டும் வந்துடுச்சின்னா வேலைய உட்டுட்டு கிளாஸ்ல சேந்துடுவேன்."

அன்றைக்கே எனக்கு அவன் கண் மேல் சந்தேகம் தோன்றியது. இல்லை என்று எப்படிப் பொய் சொல்வது? அந்த வருஷம் பொங்கல் வரிசை கொண்டு வந்தபோது, அக்கா கேட்ட பச்சைப் புடவை என்று மண் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்திருந்தான். வீடே சிரித்தது. "கண்ண எங்கடா அடகு வச்ச?" என்று என் மனைவி அவன் தலையில் குட்டினாள். கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று அவன் சாதித்தான். அந்தப் புடவை எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததை ஒதுக்கித் தள்ளினேன். பைத்தியக்காரன் நான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பயன்படுத்துகிறவன் தப்பு செய்தால், அந்தத் தப்பு அவனுடையது இல்லை, எழுதியவனுடையது. பட்டனைப் பெரிதாக்கு, எழுத்தைத் தடிமனாக்கு, அவனுக்குப் புரிகிற மாதிரி மாற்று. பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இதிலும் அதையே செய்தேன். பச்சைப் புள்ளியை வட்டமாகவே விட்டு, சிவப்பைச் சதுரமாக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன். இருபதுக்கு இருபது.

"ஆப்ல தப்பு இல்ல மாமா!" என்று குதித்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. மறுநாள் ஷோரூமில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னையில் வகுப்பில் சேர்ந்தான். முதலில் மெடிக்கல் டெஸ்ட்டை முடி என்று வகுப்பில் சொன்னார்களாம். கண்ணாடிகூடப் போட்டதில்லை, அதெல்லாம் சும்மா சம்பிரதாயம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். கார்த்திகையில்தான் போனான்.

மத்தியானம் எனக்குப் போன் வந்தது. "மாமா, புள்ளி புள்ளியா ஒரு புக்கு குடுத்தாங்க. அதுக்குள்ள நம்பர் இருக்காம். எனக்கு ஒன்னுமே தெரியல மாமா. சும்மா புள்ளிதான் இருக்கு." நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாத கண், பிறவியிலேயே அப்படி, மருந்து கிடையாது, பைலட் ஆக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நானும் என் மனைவியும் கடலூர் போனோம். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை. வீட்டில் மாமனார் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிவியில் சத்தமே இல்லை. மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"அந்தச் சதுரம் ஏன் மாமா போட்ட?"

"ஒனக்குப் புரியட்டும்னுதான்டா."

"நெச ஏரோப்ளேன்ல சதுரமா லைட்டு இருக்காதே. நேத்து பஸ்ல வரும்போதுதான் யோசிச்சேன். ஒனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சிடா."

"நான் வேலைய உடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்."

கதவோரம் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. மச்சான் கோபப்படுவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் போனை நீட்டினான்.

"அந்தச் சதுரத்த எடுத்துட்டுக் குடு. ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்."

"வேணாம்டா."

"குடு மாமா."

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டும். அதையே மூன்று தடவை தப்பாக அடித்தேன். சிவப்பையும் வட்டமாக்கிப் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். அவசரமே படவில்லை, ஒவ்வொரு புள்ளியையும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு வந்து, தள்ளிப் பிடித்து, பார்த்துப் பார்த்து அழுத்தினான். இருபதும் முடிந்தது. ஒன்பது சரி.

கொஞ்ச நேரம் அந்த ஒன்பதையே பார்த்தான். பிறகு போனை என் கையில் வைத்தான்.

"ஆப்ல தப்பு இல்ல மாமா," என்றான்.