றக்வானையில் மூன்று கிலோ குறைந்தேன்

சனிக்கிழமை, காலை 6.40. இரத்தினபுரி பஸ் நிலையத்தில் நூறு ரூபாவுக்குப் பத்து றம்புட்டான் வாங்கிக்கொண்டு றக்வானை பஸ்ஸில் ஏறினேன். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் பயணம். றம்புட்டான் ஆசைக்கு வாங்கியதல்ல, வைத்தியம். நான் எழுபத்தேழு கிலோ. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எழுபத்து நான்கு காட்டவேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றைப் பாதியாக்கி, மற்றப் பாதிக்குப் பழம் சாப்பிடச் சொன்னவரும் அவரே. ஆறு கிழமையாகச் சாப்பிடுகிறேன். பருத்தித்துறைச் சோற்றில் வளர்ந்த உடம்பு, பழத்துக்கெல்லாம் மசியவில்லை.

பெல்மதுளை தாண்டியதும் கொண்டக்டர் என் மடியிலிருந்த தோல்களைப் பார்த்தார்.

"மிஸ், வெறும் வயித்துல பழமா? இந்தப் பாதைக்கு ஹரி யன்னே நெஹே."

சரிப்பட்டு வராதாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மலைப்பாதையின் மூன்றாவது வளைவிலேயே என் வயிறு அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

9.10. றக்வானையில் இறங்கி ஐந்நூறு ரூபாவுக்கு ஓட்டோ பிடித்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் மலர்வேணியின் வீடு அங்கேதான், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தின் நடுவில். "சோறு கனக்க வேண்டாம், சாப்பாட்டோடை பழம் வேணும்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அவள் தன் அம்மா சரஸ்வதியிடம் சொல்ல, அவர் கொழுந்து பறிக்கும் மலையில் சொல்ல, பழமில்லாமல் சோறு இறங்காத டீச்சர் ஒருத்தி வருகிறாள் என்று லயம் முழுக்கப் பரவியிருந்தது.

12.15. சரஸ்வதியம்மா மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தார். என் கோப்பையில் சோற்றைக் குவித்தார். சுற்றிவர வாழைப்பழம், பப்பாசி, அன்னாசி. பிறகு பக்கத்து வீடுகளும் வரத் தொடங்கின, ஆளுக்கொரு பழத்தோடு. ஒரு வீட்டுப் பழத்தைத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுப் பழத்தை வேண்டாமென்றால் மனத்தாங்கல். கடைசியாக வந்தது ஆனைக்கொய்யா, அதுதான் அவகாடோ. அதில் சீனியும் டின்பாலும் போட்டுப் பிசைந்திருந்தார்கள்.

"அம்மா, பழம் சாப்பிட்டாச் சோத்தைக் குறைக்கலாம் எண்டுதான்..." என்று இழுத்தேன்.

"அது எப்புடிங்க டீச்சர்? பழம் வேற, சோறு வேற. மலையேறி வந்தவங்களுக்குப் பாதிச் சோறு போட்டா லயத்துல எங்கள என்னான்னு பேசுவாங்க?"

இரண்டாம் தரமும் போட்டார். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

4.30. பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகைக்கு, அதாவது மடுவத்துக்கு, மலர்வேணி கூட்டிப்போனாள். சரஸ்வதியம்மாவின் சாக்கு தராசில் தொங்கியது. இருபத்தொரு கிலோ. கணக்கப்பிள்ளை பதினெட்டு என்று எழுதினார்.

"ஏன் பதினெட்டு?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு. தெனமும் கழிக்கிறதுதாங்க" என்றார் சரஸ்வதியம்மா. மூன்று நாளாக அங்கே மழையே இல்லை.

அடுத்து என் முறை வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் என்னையும் நிறுக்காமல் விடுவதாக இல்லை. கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். கொட்டகையின் கூரை முனகியது. எழுபத்தேழு. ஆறு கிழமைப் பழமும் வீண்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரஸ்வதியம்மா கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எழுதுங்கய்யா, எழுபத்து நாலு! டீச்சருக்கும் தண்ணிக்கு ரெண்டு, சேலைக்கு ஒண்ணு கழிங்க. எங்களுக்கு மட்டுந்தானா சட்டம்?"

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளை மட்டும் கொப்பியிலிருந்து தலை நிமிரவில்லை.

திரும்பும்போது மடி நிறையப் பழம் தந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக் தராசு எழுபத்தெட்டுக் காட்டியது.

"சேலைக்கு, தண்ணிக்கு எண்டு ஏதும் கழிக்க மாட்டியளோ?" என்று தாதி மிஸியிடம் கேட்டேன்.

"ஒரு கிராமும் கழிக்க ஏலாது, டீச்சர். நிறுத்ததைத்தான் எழுதோணும்."

மாத்திரை எழுதிய துண்டோடு வெளியே வந்தேன். நேரம் பின்னேரம் நாலரை. மடுவத்தில் இப்போது சரஸ்வதியம்மாவின் சாக்கு தொங்கிக்கொண்டிருக்கும். ஆறு கிழமை பழம் தின்றும் என்னால் குறைக்க முடியாத அந்த மூன்று கிலோ, அவருக்கு இந்நேரம் குறைந்திருக்கும்.